ஆவி காட்டி, ஆறவிட்டு: ஃபெல்ட் தொப்பியின் உச்சியை வீட்டிலேயே மாற்றி அமைக்க ஒரு முழு வழிகாட்டி

ஈரத் தலையை இறுக்கிப் பின்னிப் போட்டுக்கொண்டு படுத்தால், காலையில் அவிழ்க்கும்போது முடி அலையலையாக விழும். அவசரப்பட்டு அரைமணி நேரத்திலேயே அவிழ்த்தால் ஒன்றும் இருக்காது, பழையபடி நேராகத் தொங்கும். ஃபெல்ட் தொப்பியின் உச்சியை மாற்றி அமைக்கத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இவ்வளவுதான். ஏனென்றால் ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. அது சிக்கு விழுந்த முடி.

செம்மறி ஆட்டின் மயிரோ, முயலின் மயிரோ, ஒவ்வொரு இழையின் மேலும் மீனுக்கு இருப்பதுபோல நுண்ணிய செதிள்கள் உண்டு. சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் சேர்ந்து படும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, செதிள்கள் மாட்டிக்கொண்டு, பிரிக்கவே முடியாத தகடாகிவிடும். அந்தத் தகடு தலையில் தொய்யாமல் நிற்க வேண்டுமே, அதற்காகத் தொப்பி செய்பவர்கள் விறைப்பூட்டி ஏற்றுவார்கள். பழைய முறையில் அது நம் ஊர்ப் பொருள்தான்: அரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் புரச மரத்திலும் குசும் மரத்திலும் வளர்க்கப்படும் அரக்குப் பூச்சி தரும் பிசின். தபால் உறைக்கு முத்திரை வைக்க உருக்கி ஊற்றுவார்களே, அதுபோல இதுவும் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும்.

ஆக, ஆவி பட்டால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் இளகுகின்றன. முடியின் உள்ளே இருக்கும் பிணைப்பு ஒன்று, அதில் ஊறியிருக்கும் அரக்கு இன்னொன்று. இளகிய நேரத்தில் நாம் கொடுக்கும் வளைவு, ஆறிக் காய்ந்த பிறகுதான் நிரந்தரமாகும். ஆவி எந்த வடிவத்தையும் கொடுப்பதில்லை. பழையதை மறக்க வைக்கிறது, அவ்வளவுதான். புதியதைக் கற்றுக்கொடுப்பது ஆறும் நேரம்.

எனக்கு இது புரிவதற்கு ஒரு தொப்பி செலவானது. நல்ல சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அமுக்கிய பள்ளம் நிற்கவில்லை என்று மறுபடி ஆவி காட்டினேன். மறுபடி அமுக்கினேன், மறுபடி ஆவி. ஐந்தாவது முறை உள்ளே இருந்த தோல் பட்டை சுருட்டிக்கொண்டது, தொப்பி ஒரு சுற்றுச் சிறுத்துப்போனது. அது அக்கா மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

கையில் இருப்பது எந்த ஃபெல்ட்?

உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். கம்பளி, விலங்கு ரோமம், பாலியஸ்டர் என்று மூன்று வகை உண்டு. முயல், காட்டு முயல், பீவர் இவற்றின் ரோமத்தில் செய்த தொப்பி மெல்லிசாக, வழவழப்பாக இருக்கும். ஆவி பட்டதும் பேச்சைக் கேட்கும், பள்ளம் கூர்மையாக நிற்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். கம்பளி தடிமனானது, கொஞ்சம் சொரசொரப்பானது, சீக்கிரம் சுருங்கும். ஆனாலும் முதல்முறை கற்றுக்கொள்ளக் கம்பளியே போதும், கெட்டாலும் வயிறு எரியாது. பிராண்டு பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஸ்டெட்சன் ரோமத்திலும் செய்கிறது, கம்பளியிலும் செய்கிறது.

சுற்றுலாத் தலங்களில் மலிவாகத் தொங்கும் கௌபாய் தொப்பி பாலியஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஆவி காட்டிப் பயனில்லை. சூடு கூடினால் உருகும். லேபிள் இல்லையென்றால், பட்டுச் சேலையில் நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போமே, அந்தச் சோதனையையே செய்யலாம். உள்பட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து நாலு இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, கையில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் கம்பளியோ ரோமமோதான். பிளாஸ்டிக் வாடையோடு கெட்டி மணியாக உருண்டால் பாலியஸ்டர்.

மடக்கிப் பெட்டியில் திணித்தாலும் மறுபடி விரிந்து நிற்கும் என்று சொல்லி விற்கும் கம்பளித் தொப்பிகள் உண்டு. அவற்றைப் பழைய வடிவத்துக்கே திரும்பும்படி செய்திருப்பார்கள். நீங்கள் என்ன அமுக்கினாலும் ஒரு வாரத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, இது விளையாட்டல்ல. பழம்பொருள் கடையில் வாங்கிய, 1940களுக்கு முந்தைய ரோமத் தொப்பியை வீட்டில் ஆவி காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் முயல் ரோமத்தைப் பக்குவப்படுத்தப் பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரம் தொப்பித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே தொழிலாளர்களின் கைகால் நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்து ‘டான்பரி நடுக்கம்’ என்றார்கள். பாதரசப் பயன்பாட்டை அந்த நாடு 1941ல்தான் நிறுத்தியது. பழைய ஃபெல்ட்டில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். அடுப்படியில் வைத்துச் சூடேற்ற வேண்டிய பொருள் அல்ல அது.

தொடங்கும் முன்

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். தலையை மூடும் மேல்பகுதி கிரவுன், சுற்றி விரிந்திருக்கும் தட்டு பிரிம். உள்ளே நெற்றியைத் தொடும் தோல் அல்லது துணிப் பட்டையை உள்பட்டை என்போம். வெளியே சுற்றியிருப்பது ரிப்பன். ஆண்களின் தொப்பியில் ரிப்பனின் முடிச்சு இடப்பக்கம் வரும். உள்பட்டையின் இரு முனைகளும் சேரும் தையல் பின்பக்கம். இவை இரண்டும் தெரிந்தால் முன்பக்கம் எது என்ற குழப்பம் வராது. சிரிக்காதீர்கள், கிரவுனை முழுக்க உப்பவைத்த பிறகு அந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும்.

முதல் வேலை அளப்பது. உள்பட்டையின் உட்சுற்றை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். 58 செ.மீ. என்றால், வேலை முடிந்து காய்ந்த பிறகும் 58 இருக்க வேண்டும். தலை வட்டமல்ல, முட்டை வடிவம் என்பதையும் நினைவில் வையுங்கள். 58 சுற்றளவுள்ள தொப்பி முன்பின்னாக ஏறக்குறைய 20 செ.மீ., பக்கவாட்டில் 17 செ.மீ. இருக்கும்.

இரண்டாவது, தூசு. மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். ஃபெல்ட்டின் மேல்மயிர் வழக்கமாக அந்தப் பக்கமாகத்தான் படிந்திருக்கும். தூசோடு ஆவி காட்டினால் தூசு உள்ளே இறங்கிக் கறையாக உட்கார்ந்துவிடும். கறுப்புத் தொப்பிக்கும் வெளிர் நிறத் தொப்பிக்கும் ஒரே பிரஷ் வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். உள்பட்டையை முழுக்க வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். சட்டைக் காலரைத் தூக்கிவிடுவதுபோல, தொப்பிக்குக் கீழே அது நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோலில் ஆவி பட்டால் சுருங்கும். ஃபெல்ட்டையாவது இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம், சுருங்கிய தோலை ஒன்றும் செய்ய முடியாது. என் சாம்பல் நிறத் தொப்பி போனது இதனால்தான்.

உள்ளே சாட்டின் லைனிங் இருந்தால் எடுக்க முடியுமா என்று பாருங்கள். பல தொப்பிகளில் லேசாக நாலைந்து புள்ளியில் ஒட்டியோ, தையல் ஓட்டியோ இருப்பார்கள். லைனிங்கின் நடுவில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாளும் இருக்கக்கூடும், அது சூட்டில் நெளிந்துவிடும். எடுக்க வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ஆவியை வெளிப்பக்கமிருந்து மட்டும் காட்டுங்கள், நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவே. வெளிர் நிறத் தொப்பியில் கருஞ்சிவப்போ கருநீலமோ ரிப்பன் இருந்தால், ஈரத்துணியால் அதன் ஓரத்தை ஒற்றிப் பாருங்கள். சாயம் போனால் ரிப்பனைக் கழற்றிவிடுவதே நல்லது.

கடைசியாக, பழைய மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்காகக் கிள்ளித் தூக்கிய தொப்பியில் முன்பக்க மடிப்பு நைந்து ஊசித்துளையாகியிருக்கும். அப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நீங்கள் விரித்ததும் அது கிழியும்.

ஆவிக்கு என்ன வழி

அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற இடங்களில் கௌபாய் தொப்பி விற்கும் கடைகளில் இதற்கென்றே ஆவி இயந்திரம் வைத்திருப்பார்கள். வாங்குபவர் சொல்லும் வடிவத்தை அங்கேயே நின்று போட்டுக்கொடுப்பார்கள். நம் அடுப்படியில் அதற்கு இணையாக ஒரு பொருள் இருக்கிறது: புட்டுக் குடம். குழலை எடுத்துவிட்டால் குறுகிய வாய் வழியே ஆவி நேராக, ஒரே சீராக எழும்பும். குமரி, நெல்லை, யாழ்ப்பாணத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இல்லாதவர்களுக்குக் குறுகிய வாயுள்ள கெட்டில் போதும். மின்சாரக் கெட்டில் கொதித்ததும் தானாக அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மறுபடி போட்டுக்கொண்டால் சரி, நமக்கு ஒரு தடவைக்கு அரை நிமிட ஆவி போதும். துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமர் இருந்தால் நல்லதுதான், ஆனால் முதல் சில விநாடிகள் அது தண்ணீரைத் துப்பும். அதைத் தொட்டிப் பக்கம் திருப்பித் துப்பவிட்டுப் பிறகு தொப்பிக்குக் கொண்டுவாருங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் துப்பிய துளி காய்ந்து வெள்ளைப் புள்ளியாகும்.

பிரஷர் குக்கர் வேண்டவே வேண்டாம். வெயிட்டை எடுத்தால் பீறிட்டு வரும் ஆவி கையையும் அவிக்கும், தொப்பியையும் அவிக்கும். இஸ்திரிப் பெட்டியை ஃபெல்ட்டின் மேல் வைத்துத் தேய்ப்பதும் கூடாது, அந்த இடம் பளபளவென்று மினுங்கிவிடும்.

ஆவிச் சூடு நெருப்புச் சூட்டைவிடப் பொல்லாதது. தடித்த பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

பழைய பள்ளத்தை எடுப்பது

புதிய வடிவம் போடுவதற்கு முன் பழையது முழுக்கப் போக வேண்டும். பாதி போன பள்ளத்தின் மேல் புதுப் பள்ளம் போட்டால், பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்த மாதிரி அங்குமிங்கும் நெளிவு தெரியும்.

தொப்பியைக் கவிழ்த்த நிலையிலேயே, வாய் கீழே பார்க்கும்படி, ஆவிக்கு மேலே 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள். ஆவி கிரவுனுக்குள் நிரம்பட்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல், அப்பளத்தைத் தணலில் காட்டும்போது திருப்பிக்கொண்டே இருப்போமே, அப்படித் திருப்பிக்கொண்டே இருங்கள். 20 முதல் 30 விநாடி போதும்.

பதம் தெரிவது எப்படி? மழைநாளில் நமத்துப்போன அப்பளத்தைத் தொட்டிருப்பீர்கள். விறைப்பு போயிருக்கும், ஆனால் நனைந்திருக்காது. அதுதான் பதம். விரலில் ஈரம் ஒட்டினால் அதிகம் காட்டிவிட்டீர்கள், ஒரு நிமிடம் விட்டுவிட்டுத் தொடருங்கள்.

பதம் வந்ததும் தொப்பியை ஆவியிலிருந்து எடுத்து, உள்ளே கையை விட்டு, முஷ்டியின் பின்பக்கத்தால் பள்ளத்தை வெளியே தள்ளுங்கள். விரல் நுனியால் தள்ளக் கூடாது. ஒவ்வொரு விரலும் ஒரு குமிழாக வெளியே தெரியும். ஒரே முறையில் வராது, இரண்டு மூன்று தடவை ஆகும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஃபெல்ட் ஆறட்டும்.

கிரவுன் முழுக்க உப்பி, குண்டான் கவிழ்த்த மாதிரி ஆனதும் உள்ளே ஏதாவது வைத்து நிறுத்த வேண்டும். தொப்பிக்காரர்கள் மரக்கட்டை அச்சு வைத்திருப்பார்கள். வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து மாட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், பாத்திரம் வட்டம், தலை முட்டை வடிவம் என்று மேலே சொன்னேனே. வட்டத்தில் காய்ந்த தொப்பி நெற்றியில் இடித்து, காதோரம் இடைவெளி விடும். அதற்குப் பதில் இரண்டு பருத்தித் துண்டுகளைச் சுருட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் தடிமனாக வரும்படி உள்ளே திணியுங்கள். இழுத்துப் பிடிக்கும் அளவுக்குத் திணிக்கக் கூடாது, தாங்கினால் போதும். சாயம் போகாத வெள்ளைத் துண்டாக இருக்கட்டும்.

இந்த நிலையில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். உடனே அடுத்த வேலைக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள், முடியும்தான். ஆனால் ஓர் இரவு காய்ந்த பிறகு பார்த்தால்தான் பழைய மடிப்பின் கோடு எங்கெங்கே மிச்சமிருக்கிறது என்று தெரியும். புதிய வடிவத்தை அதற்கேற்பத் திட்டமிடலாம்.

எந்த வடிவம்?

1865ல் ஃபிலடெல்ஃபியாவில் தொழில் தொடங்கிய ஜான் பி. ஸ்டெட்சனின் பெயர் சொல்லும் தொப்பி ‘பாஸ் ஆஃப் தி ப்ளெயின்ஸ்’. அதன் கிரவுனில் பள்ளமே கிடையாது. இப்போது உங்கள் முன்னால் இருப்பதுபோல மொழுமொழுவென்ற உச்சி, தட்டையான பிரிம். இன்று நாம் கௌபாய் தொப்பி என்று நினைக்கும் அத்தனை பள்ளங்களும் அதை மாட்டிக்கொண்டு அலைந்தவர்கள் கையால் விழுந்தவை. தூக்கி வைக்கும்போது, மழையில் நனைந்தபோது, படுக்கும்போது முகத்தை மூடியபோது விழுந்தவை. பிறகு அது ஊருக்கு ஒரு அடையாளமானது. நாலு பக்கமும் அமுக்கி உச்சியைக் கூராக்கிய ‘மொன்டானா பீக்’ வடிவத்தை அமெரிக்க ராணுவம் 1911ல் தன் தொப்பிக்கு ஏற்றுக்கொண்டது. மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும் என்பது அதன் வசதி. ஆகவே தொப்பியின் உச்சியில் கை வைக்கிறோமே, அபச்சாரமோ என்று தயங்க வேண்டாம்.

தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியது கிரவுனின் உயரம். ரிப்பனின் அடியிலிருந்து உச்சிவரை பக்கவாட்டில் அளந்து பாருங்கள். 14, 15 செ.மீ. இருந்தால் எந்த வடிவமும் போடலாம். 13க்கும் குறைவென்றால் ஆழமான பள்ளம் ஆகாது, பள்ளத்தின் அடி மண்டையில் முட்டும். அப்போது ஆழம் குறைந்த நடுப்பள்ளமோ, தட்டையான ‘போர்க் பை’ வடிவமோதான் சரி.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது கண்ணீர்த்துளிப் பள்ளம். மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் அகன்று, முன்பக்கம் கூராகும் துளி. முன்னால் இருபுறமும் லேசான கிள்ளல். 1929ல் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் பகத்சிங் தலையில் இருப்பதும் ஃபெல்ட் தொப்பிதான். அந்தக் காலத்து ஆண்கள் படங்களைப் புரட்டினால் இந்தக் கிள்ளலும் பள்ளமும் விதவிதமாகக் கிடைக்கும். பிடித்த படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், மனக்கணக்கு உதவாது.

கண்ணீர்த்துளிப் பள்ளம்

முதலில் நடுக்கோடு. உள்பட்டையின் தையல் பின்பக்கம், அதற்கு நேர் எதிரே முன்பக்கம். இரண்டு இடத்திலும் பிரிமின் அடியில் சின்னதாகக் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று தொப்பியை மாட்டி, முன் டேப் மூக்குக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு பள்ளம் ஒரு விரல் அகலம் ஒதுங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட இது சுலபம்.

துண்டுகளை எடுத்துவிட்டு உச்சிக்கு மட்டும் ஆவி காட்டுங்கள். உள்ளிருந்து 20 விநாடி, வெளியிலிருந்து 10 விநாடி. பிரிமில் ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இளகித் தொங்கிவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

தொப்பியைத் தொடைமேல் வைத்து, உள்ளங்கையின் ஓரத்தால், சுண்டுவிரல் பக்கத்தால், உச்சியின் நடுவே முன்பின்னாக ஒரு நீளமான பள்ளம் அமுக்குங்கள். ஒன்றரை இரண்டு செ.மீ. ஆழம் போதும், இது வெறும் கோடு போடுவதுதான். அப்படியே அசையாமல் 20 விநாடி பிடியுங்கள். மனசுக்குள் எண்ணுங்கள், நாம் நினைக்கும் 20 விநாடி உண்மையில் ஏழெட்டுதான் இருக்கும்.

மறுபடி ஆவி, இந்த முறை பின்பாதிக்கு. முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளின் தட்டையான பகுதியால் பள்ளத்தின் பின்பக்கத்தை வட்டமாக அகலப்படுத்துங்கள். பள்ளத்தைச் சுற்றி ஒரு வரப்பு எழும்பும். அந்த வரப்பு இருபுறமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். ஆழம் மூன்று, மூன்றரை செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள். பின்பக்கம் சற்றே தாழ்ந்தும் முன்பக்கம் நிமிர்ந்தும் இருந்தால் அழகு. முன்பக்கம் தாழ்ந்தால் தொப்பிக்கு ஒரு அசட்டுக்களை வந்துவிடும்.

கிள்ளலுக்கு வருவோம். இங்கேதான் கைப்பழக்கம் தெரியும். முன்பக்கத்தின் இருபுறமும் 15 விநாடி ஆவி. முன்விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. உள்ளே, ஒரு பக்கம் கட்டைவிரலின் சதைப்பகுதி, மறுபக்கம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து. இரண்டையும் ஒரே அழுத்தத்தில் உள்ளே தள்ளுங்கள். கிள்ளல் என்று பெயர்தானே தவிர, கிள்ளக் கூடாது. குழந்தையின் கன்னத்தை இரண்டு பக்கமும் அமுக்குவோமே, அந்த அளவு. கட்டைவிரல் பக்கம் எப்போதும் ஆழமாக விழும், ஏனென்றால் அதற்குப் பலம் அதிகம். அதனால் பாதி நேரம் ஒரு கையாலும் மீதி நேரம் மறு கையாலும் பிடித்துச் சரிசெய்யுங்கள். மறுபடி 20 விநாடி அசைக்காமல்.

இந்தக் கட்டத்தில் தொப்பியை மாட்டி ஒருமுறை கண்ணாடி பார்க்கலாம். சரியில்லை என்றால் இப்போதே இன்னொரு முறை ஆவி காட்டித் திருத்தலாம். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்குமேல் ஒரே இடத்தை ஆவியில் காட்டாதீர்கள். ஃபெல்ட் தளர்ந்துபோகும், அரக்கு மேலே கசிந்து ஒட்டலாக மினுங்க ஆரம்பிக்கும். அப்படித் தெரிந்தால் நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற வடிவங்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, கை அசைவு அதேதான். நடுப்பள்ளம் என்றால் மேலே சொன்ன முதல் கோட்டையே ஆழப்படுத்திக் கிள்ளலோடு நிறுத்துவது. ‘டைமண்ட்’ என்றால் பள்ளத்தின் நடுப்பகுதியை இருபுறமும் அகட்டி, முன்பின் இரண்டு முனையையும் கூராக்குவது. கௌபாய் ‘கேட்டில்மேன்’ வடிவத்துக்கு நடுவே ஒரு நீளப்பள்ளமும், இருபக்கமும் ஒவ்வொரு பள்ளமும். பக்கப் பள்ளங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்ப்பதுபோல ஒத்து வருவது கஷ்டம், அதனால் அதை மூன்றாவது நான்காவது தொப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘போர்க் பை’ வடிவத்துக்கு உச்சியைத் தட்டையாக இறக்கி, ஓரத்தைச் சுற்றி வரப்பு விட வேண்டும். அதற்கு மட்டும் ஒரு முட்டை வடிவ டப்பாவின் மூடி கையிலிருந்தால் உதவும்.

ஆறவிடுதல்

ஒரு கைப்பிடி அரிசியைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, பள்ளத்துக்குள் வையுங்கள். நூறு கிராம் போதும். அரிசி பள்ளத்தின் வளைவுக்கேற்பத் தானே பரவி உட்கார்ந்து, கனத்தால் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சும். கிள்ளிய இடத்தில் துணி கிளிப் மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டினால் தொப்பி முகத்தில் காலத்துக்கும் கிளிப் பல் தெரியும்.

பிரிம் மேசையில் படக்கூடாது. துண்டு ஒன்றைச் சும்மாடு போலச் சுருட்டி, கிரவுனுக்குள் ஓரத்தில் பொருந்தும்படி வைத்து, அதை ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் ஏற்றுங்கள். பிரிம் நாலாபக்கமும் காற்றில் நிற்கும். உள்பட்டை வெளியே மடித்தபடியே இருக்கட்டும்.

வெயிலில் வைக்க வேண்டாம். ஹேர் டிரையர் வேண்டாம். மெதுவாகச் சுற்றும் மின்விசிறி போதும். ஒரு நாள் முழுக்க, கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் இரண்டு நாள் ஆகும். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது மேற்பரப்பு மட்டும். அரிசி முடிச்சை எடுத்துவிட்டுப் பள்ளத்தின் அடியில் புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, முடிச்சைத் திரும்ப வையுங்கள். பின்னலை அவிழ்க்க இன்னும் விடியவில்லை.

கோணலானால்

காய்ந்த பிறகு டேப்பால் அளந்து பாருங்கள். அரை செ.மீ. குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கிரவுனின் அடிச்சுற்றுக்கு மட்டும், உள்பட்டையில் படாமல், லேசாக ஆவி காட்டி, பட்டையை உள்ளே மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு 20 நிமிடம் வீட்டுக்குள் நடமாடுங்கள். உங்கள் தலையைவிடப் பொருத்தமான அச்சு உலகத்தில் இல்லை. வாசலில் மணி அடித்தால் மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள்.

பள்ளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முழுவதையும் கலைக்க வேண்டியதில்லை. உயர்ந்த பக்கத்து வரப்புக்கு மட்டும் பத்து விநாடி ஆவி காட்டி அமுக்கிப் பிடியுங்கள். தண்ணீர்த் துளி விழுந்து வட்டமாகக் கறை தெரிந்தால், அந்தப் பக்கம் முழுவதற்கும் சீராக ஆவி காட்டிப் பிரஷ் போடுங்கள், வட்டத்தின் ஓரம் மங்கிவிடும். ரோமத் தொப்பியில் எங்காவது மினுமினுப்பு வந்திருந்தால் 600 எண் உப்புத்தாளால், இடஞ்சுழியாக, எடையே கொடுக்காமல் இரண்டு மூன்று தடவை தடவலாம். கம்பளித் தொப்பியில் அதைச் செய்யாதீர்கள், பிசிறு எழும்பும்.

பள்ளம் நிற்கவே மாட்டேன் என்கிறதா? விறைப்பூட்டி போய்விட்ட பழைய தொப்பியாக இருக்கும். தொப்பிக்கென்று விற்கும் விறைப்பூட்டித் தெளிப்பானை உள்பக்கம் மட்டும், மெல்லிசாக ஒரு பூச்சு அடிக்கலாம். நிறைய அடித்தால் தொப்பி அட்டைப்பெட்டி மாதிரி ஆகி, அடுத்த முறை மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

அதன் பிறகு

இரண்டு நாள் செலவழித்துப் போட்ட வடிவத்தை இரண்டு வாரத்தில் கெடுப்பது எது தெரியுமா? கிள்ளலைப் பிடித்துத் தொப்பியைத் தூக்குவது. பழைய படங்களில் வரும் கதாநாயகர்கள் எல்லோரும் அப்படித்தான் தூக்குவார்கள், பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். ஆனால் ஃபெல்ட் நைந்து ஊசித்துளை விழுவது அந்த இடத்தில்தான். பிரிமின் முன்னும் பின்னும் இரண்டு கையாலும் பிடித்து எடுங்கள். கீழே வைக்கும்போது தலைகீழாக, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள், பிரிம் வளையாமல் இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், உள்பட்டை சுருங்குவதற்கு ஆவிதான் வேண்டுமென்பதில்லை.

மழையில் நனைந்துவிட்டால் அதையே ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். உதறி, உள்பட்டையை வெளியே மடித்து, பள்ளத்தை விரல் முட்டியால் சரிசெய்து, அரிசி முடிச்சை வைத்துவிட்டால் போதும். நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் முதலில் நன்றாகப் பிரஷ் போடுங்கள். வியர்வையும் எண்ணெய்ப்பிசுக்கும் உள்ள கம்பளி என்றால் பூச்சிக்குக் கல்யாண விருந்து. பெட்டியில் அந்துருண்டை போடுவதானால் ஃபெல்ட்டில் படாதபடி துணியில் முடிந்து ஒரு மூலையில் போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட வையுங்கள்.